கையெழுத்துக்குக் கீழே

கடிதம் என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று நம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் கள்ளக்குறிச்சியில், நான் டைப்பிஸ்டாக இருந்த ஆபீசில், ஒரு கோந்துப் புட்டிக்கும் ஒரு கட்டு சர்வீஸ் ஸ்டாம்புக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆபீசிலிருந்து போகிற தபால்களை உறையில் போட்டு அனுப்புவது அவர் வேலை. ஊர் அவருக்கு வைத்த பெயர் பின்குறிப்பு. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. மாதாமாதம் அதை டைப் அடித்தவளே நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது வந்து விசாரித்தால், "அப்பிடி யாரும் இங்க இல்லீங்களே" என்று பியூன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பட்டா, வீட்டுமனை, முதியோர் உதவி என்று மனுக்கள் வந்து குவிகிற ஓர் அரசாங்க ஆபீஸ், அவ்வளவுதான். எழுபதுகளின் நடுப்பகுதி. கள்ளக்குறிச்சி அப்போது தனி ஜில்லா ஆகவில்லை. எங்களைத் திட்டுவதற்கான அதிகாரம் முழுக்கக் கடலூரில் இருந்தது.

கடிதம் எங்கள் ஆபீசில் பிறக்கிற விதம் இது. ஆபீசர் சொல்ல, குமாஸ்தா எழுத, நான் கார்பன் வைத்து டைப் அடிப்பேன். ஆபீசர் கையெழுத்துப் போடுவார். நகல் கோப்புக்குப் போகும், அசல் பின்குறிப்பின் மேஜைக்குப் போகும். அவர் பதிவேட்டில் எண் போட்டு, உறையில் விலாசம் எழுதி, கோந்து தடவி, ஸ்டாம்பு ஒட்டி அனுப்ப வேண்டும். பதிவேட்டுக்கும் உறைக்கும் நடுவில் ஒரு நிமிஷம் இருக்கிறது பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவர் சட்டைப் பையிலிருந்து நீல மசிப் பேனாவை எடுப்பார். ஆபீசரின் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் கீழே, குண்டு குண்டாக, 'பி.கு.' என்று ஆரம்பித்துவிடுவார்.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் வேர் விட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். கரியாலூரிலிருந்து ஒரு பெரியவர் மலையிறங்கி வந்திருந்தார். கையில் எங்கள் ஆபீஸ் கடிதம். "ஆபீசர் உள்ளதான் இருக்கார், போங்க" என்றேன்.

"மேல எழுதினவரு வாணாம்மா. கீழ எழுதினவரப் பாக்கணும்."

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மேலே சாட்சாத் நான் அடித்த வரிகள்: 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, போதிய ஆதாரம் இல்லாத காரணத்தால் நிராகரிக்கப்படுகிறது.' கீழே நீல மசியில்: 'பி.கு.: நிராகரிப்பு என்று படித்ததும் மனம் உடைய வேண்டாம். சர்வே எண்ணில் ஏழு போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டிருக்கிறீர்கள். அதைத் திருத்தி மறுபடி கொடுத்தால் போதும். செவ்வாய்க்கிழமை வரவும், திங்களன்று எல்லோரும் சிடுசிடு என்று இருப்போம். பி.பி.கு.: போன தடவை பார்த்தபோது இருமல் இருந்ததே, தேவலையா?'

பெரியவர் இருமல் தேவலை என்று சொல்லத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார். திருத்திய மனுவைக் கூடவே கொண்டுவந்திருந்தார் என்பது அவரைப் பொறுத்தவரை இரண்டாம் பட்சம்.

அவர் போன பிறகு நான் பின்குறிப்பின் மேஜைக்குப் போனேன். "இன்னா சார் இது, ஆபீசர் கையெழுத்துக்குக் கீழ நீங்க எழுதலாமா?"

"கீழதாம்மா எழுதணும். மேல எழுதினா அது போர்ஜரி."

பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இளம் வயதில் அவர் கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு எழுத்தராக இருந்தாராம். பாதிரியார் ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்கு வாராவாரம் கடிதம் எழுதுவார். மேலே நாலே வரி: நலம், நலமறிய ஆவல், இங்கே மழை, கர்த்தர் காப்பார். கையெழுத்து. அதற்குக் கீழே பி.எஸ். என்று போட்டு மூன்று பக்கம். மலைக்காய்ச்சல் வந்து பதினைந்து நாள் படுத்திருந்ததும், மிளகாய் தின்னப் பழகியதும், அம்மா கையால் சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது என்பதும் எல்லாம் அந்த மூன்று பக்கத்தில்தான். பி.எஸ். என்றால் என்ன என்று இவர் கேட்க, பாதிரியார் விளக்கினாராம்.

"போஸ்ட் ஸ்கிரிப்டம்! லத்தீனும்மா. எழுதி முடிச்ச அப்புறம் எழுதினதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல காயிதம் ஏது? தோலுதான். மாங்கு மாங்குன்னு எழுதிக்கினு வந்து, கடைசில பேரையும் போட்டுட்டான். அப்பப் பாத்து முக்கியமான சமாசாரம் ஞாபகம் வருது. திருப்பி எழுதணும்னா இன்னொரு ஆட்ட வெட்டணும். இன்னா பண்ணுவான் பாவம்? கீழ ரெண்டு எழுத்தப் போட்டு எழுதிட்டான். அன்னிலேர்ந்து உலகம் பூரா இதான் வழக்கம்."

ரோமாபுரிக்காரர்கள் இந்த ஆட்டுக் கணக்கை ஒப்புக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு லத்தீன் வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வரும், ஏதோ அவருடைய சொந்தத் தாய்மாமன் கண்டுபிடித்தது போல.

"மனுசன் கையெழுத்துப் போடுற வரைக்கும் பயந்துக்கினேதாம்மா எழுதுவான். போட்ட அப்புறம்தான் பேசவே ஆரம்பிப்பான். கவர்மெண்டும் அப்பிடித்தான். அதுக்குப் பேச வாய் இல்ல. நான்தான் பேசணும்."

இந்த லத்தீன் அவர் உடம்பிலும் ஊறிப்போயிருந்தது. டீக்கடையில் "ஒரு டீ" என்று சொல்லிவிட்டு நாலு எட்டு நடப்பார். திரும்பி வந்து, "சக்கர கம்மியா" என்பார். மறுபடி நடந்து, மறுபடி வந்து, "நேத்து மாதிரி வாணாம்" என்பார். டீக்கடைக்காரர் மூன்றாவது தடவை திரும்பிய பிறகுதான் பாலையே ஊற்றுவார். யார் வீட்டுக்காவது போனால் விடைபெற்றுக்கொண்டு தெருமுனை வரை போவார். வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்த மாட்டார்கள். திரும்பி வருவார் என்று தெரியும். வந்த காரியத்தை அப்போதுதான் சொல்வார்.

மூத்த மகள் கல்யாணப் பத்திரிகை இன்னும் எனக்கு மனப்பாடம். கடவுள் துணையிலிருந்து 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரை எல்லாரும் போடுவதுதான். அதற்குக் கீழே: 'பி.கு.: முகூர்த்தம் ஒன்பதுக்கு என்று போட்டிருந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் பத்துக்கு முன் வரமாட்டார்கள். மண்டபத்தில் மேற்கு ஓர மின்விசிறி மட்டும்தான் ஓடும். பாயசம் இரண்டாவது பந்தியில் நன்றாக இருக்கும்.' சம்பந்தி வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். முதல் பந்தியில் ஆளே இல்லை. மேற்கு ஓரத்தில் மூச்சு விட இடமில்லை.

இரண்டு பெண்களுக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு மகன் பிறந்திருந்தான். "எத்தனை பிள்ளைங்க சார்?" என்று கேட்டால், "ரெண்டு. ஒரு பி.கு." என்பார். பையனும் அப்பா சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டுச் சிரிப்பான்.

இப்படி ஊரே ரசித்துக்கொண்டிருந்த லத்தீன், ஒருநாள் கடலூர் வரைக்கும் போய்விட்டது.

கடலூர் ஆபீஸ் ஓர் அறிக்கை கேட்டிருந்தது. நாங்கள் அனுப்பவில்லை. ஏன் தாமதம் என்று விளக்கம் கேட்டார்கள். அப்போதுதான் வந்திருந்த எங்கள் புது ஆபீசர், 'கடும் பணிச்சுமை காரணமாகத் தாமதம் ஏற்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. அவர் அதைப் பிரித்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

'தங்கள் கடிதத்தின் பின்குறிப்பு கண்டேன். அலமாரியின் சாவி கிடைத்துவிட்டதா?'

நம்மவர் எழுதியிருந்தது இது: 'பி.கு.: பணிச்சுமையும் உண்டு. ஆனால் அறிக்கை தயாராகி ஒன்பது நாள் ஆகிறது. அது இருக்கிற அலமாரியின் சாவியைத்தான் காணோம். தேடிக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து கோபப்பட வேண்டாம்.'

ஆபீசர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள் எழுந்து வந்தார்கள். பின்குறிப்பு அமைதியாகப் போய் நின்றார். "அவங்களும் மனுசங்கதானே சார். நெசத்தச் சொன்னா புரிஞ்சிக்குவாங்கன்னு எழுதினேன். பாருங்க, சாவி கெடச்சுதான்னு எவ்ளோ அக்கறையா கேட்டிருக்காங்க."

அன்று சாயங்காலமே குற்றச்சாட்டுக் குறிப்பாணையை நான் டைப் அடித்தேன். என் விரல்கள் அன்று அடித்த அளவுக்குப் பிழையாக வேறு என்றைக்கும் அடித்ததில்லை. ஒரே ஒரு கடிதத்தில் எழுதினார் என்றால் கண்டனத்தோடு போய்விடும். வருஷக்கணக்காக இதே பழக்கம் என்று நிரூபணமானால் வேலை நீக்கம். அவருக்கு ஓய்வு பெறப் பதினான்கு மாதம்தான் பாக்கி. வேலை போனால் பென்ஷனும் கிடையாது. சைக்கிள் பார் கம்பியில் உட்கார்ந்து வருகிற பையன் அப்போது ஆறாம் வகுப்பு.

பழக்கத்தை நிரூபிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்களிடம் இருந்ததெல்லாம் கார்பன் நகல்கள். அவற்றில் பி.கு. கிடையாது. அசல் கடிதங்கள் வேண்டும். ஆபீசர் பதிவேட்டைப் புரட்டிப் பதினேழு பேரைத் தேர்ந்தெடுத்து, 'இந்த ஆபீசிலிருந்து தங்களுக்கு வந்த கடிதத்தின் அசலுடன் விசாரணைக்கு ஆஜராகவும்' என்று கடிதம் அனுப்பச் சொன்னார். நான் பதினேழையும் அடித்தேன். அவர் பதினேழிலும் கையெழுத்துப் போட்டார். அனுப்ப வேறு ஆள் இல்லை. அதனால் அவை பின்குறிப்பின் மேஜைக்கே போயின.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது நீல மசிப் பேனா வெளியே வந்துவிட்டது.

"சார்! வேணாம் சார், உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன்" என்று ஓடினேன்.

"மலையிலேர்ந்து எறங்கி வரப் போறவங்கம்மா. விசாரணைன்னு படிச்சாலே கை கால் நடுங்கும். ஒரு வார்த்த சொல்ல வாணாமா?"

'பி.கு.: இந்தக் கடிதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை, என்மேல்தான். கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்துவிடவும். எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.' பதினேழிலும் எழுதினார். பதினேழிலும் கோந்து தடவினார். நான் என் மேஜைக்கு வந்து மெஷினுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

விசாரணைக்குக் கடலூரிலிருந்து ஒரு வயதான அதிகாரி வந்தார். சாட்சிகள் சொல்வதை அங்கேயே அடிக்க என் மெஷினைத் தூக்கி அவர் பக்கத்தில் வைத்தார்கள். பதினேழு பேரும் வந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் காகிதம் இல்லை.

முதலில் கரியாலூர்ப் பெரியவர்.

"உங்களுக்கு வந்த கடிதம் எங்கே?"

"ஆடு துன்னுடுச்சிங்க."

"அதில் பின்குறிப்பு ஏதாவது இருந்ததா?"

"நான் பாக்கறதுக்குள்ள துன்னுடுச்சிங்க."

"சரி. விசாரணைக்கு வரச்சொல்லிப் போன வாரம் அனுப்பினோமே, அந்தக் கடிதம்?"

"அதையும் ஆடு துன்னுடுச்சிங்க."

"எந்த ஆடு?"

"அதே ஆடுதாங்க. ருசி கண்டுக்கிச்சு."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் 'ருசி கண்டுகொண்டது' என்று அடித்தேன்.

அடுத்தது கச்சிராயபாளையத்துப் பெண் ஒருத்தி. கரும்பு வெட்டுகிற கூலிக்காரி. வெல்லம் காய்ச்சுகிற அடுப்பு பற்றாமல் அதைப் போட்டுவிட்டேன் என்றாள். "கவர்மெண்டு காயிதம், நல்லாத்தாங்க எரிஞ்சிச்சு" என்று சேர்த்துக்கொண்டாள். சங்கராபுரத்துக்காரர் பஸ் மேல் போட்ட மூட்டையில் வைத்தேன், மழை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். எந்த மாதம் என்று அதிகாரி கேட்டார். சித்திரை என்றார். சித்திரையில் மழையா என்று கேட்டதற்கு, "அதான் நானும் யோசிச்சிக்கினே இருக்கேங்க" என்றார். மத்தியானத்துக்குள் கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே ஒரு துண்டுக் காகிதம் மிச்சமில்லை.

பின்குறிப்பு மூலையில் நின்று ஒவ்வொரு சாட்சியையும் கேட்டுக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆக அவர் முகம் வாடிக்கொண்டே போனது. எனக்கு அது புரியவில்லை. தப்பித்துக்கொண்டிருக்கிறார் அல்லவா, சந்தோஷமாக இருக்க வேண்டாமா?

கடைசியில் அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க நியமன உத்தரவும் இந்த ஆபீஸிலேர்ந்து, இவர் கையாலதானே வந்திருக்கும்? அதோட அசல் எங்கம்மா?"

அந்த அசல் அப்போது என் கைப்பையில் இருந்தது. என் ஊர் பண்ருட்டிக்குப் பக்கம். தட்டச்சில் உயர்நிலை தேறியிருந்தேன். ஆனால் பெண்ணைத் தனியாக வெளியூருக்கு அனுப்புவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். உத்தரவு வந்த அன்று அப்பா மேல் பாதியைப் படித்துவிட்டு, 'வேணாம்மா, சரிப்படாது' என்று மடித்து வைத்தார். மடிக்கும்போதுதான் கீழே நீல மசி கண்ணில் பட்டது.

'பி.கு.: பெண்ணைத் தனியே அனுப்ப யோசிப்பீர்கள். யோசிப்பது நியாயம்தான். இங்கே ஏற்கனவே இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள், இருவருக்கும் நாங்கள்தான் பயப்படுகிறோம். ஒரு டீச்சரம்மா வீட்டில் தங்க இடம் கேட்டு வைத்திருக்கிறேன். நீங்களே கூட வந்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யவும். நன்றாகப் படித்த பெண், வீட்டில் உட்கார வைத்துவிட வேண்டாம். பி.பி.கு.: பஸ்ஸில் இடது பக்கம் உட்கார வேண்டாம், வெயில்.'

அப்பா அதை இரண்டு முறை படித்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுப் பெட்டியை இறக்கச் சொன்னார். நாங்கள் வலது பக்கம் உட்கார்ந்துதான் கள்ளக்குறிச்சி வந்தோம்.

வேலையில் நான் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. விசாரணையில் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதற்கான விதியை நானே அடித்திருக்கிறேன். கைப்பையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"கரையான் அரிச்சிடுச்சு சார்."

அதிகாரி என்னையும் பார்த்தார், கைப்பையையும் பார்த்தார். "மலை மேல ஆடு. கீழ கரையான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, பழக்கம் என்பதற்குச் சாட்சியம் இல்லை, ஒரு கடிதத்துக்கு மட்டும் கண்டனம் என்று சொல்லி அதை என்னையே அடிக்கச் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை.

ஆபீஸ் முடிகிற நேரம். எல்லாரும் பின்குறிப்பின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவர் மட்டும் கோந்துப் புட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"பதினேழு பேரும்மா" என்றார். "ஒருத்தர் வூட்லகூட ஒண்ணு மிச்சம் இல்ல. எவ்ளோ யோசிச்சு யோசிச்சு எழுதினேன்! ஆடு, அடுப்பு, மழ. அவங்கள வுடுங்க. நீங்க படிச்சவங்க. நீங்களும் கரையானுக்குக் குடுத்துட்டீங்களே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அந்த அறையில் அந்தச் சாட்சிகள் சொன்னதையெல்லாம் நம்பிய ஒரே ஆள் அவர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றுவிட்டது. கைப்பையைத் திறந்து உத்தரவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மேல் பாதியைத் தாண்டி நேரே கீழே போய்விட்டார். "இது நான் எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"அப்ப கரையான்?"

"கரையானும் இல்ல சார், ஆடும் இல்ல சார். எல்லாரும் பத்திரமா வச்சிருக்காங்க. கரியாலூர்க்காரரு ஒங்க லெட்டர சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்காராம். வெளிய டீ குடிக்கும்போது எங்கிட்ட சொன்னாரு."

அவருக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "பொய் சொல்ல வாணாம்னு எழுதியிருந்தேனேம்மா" என்றார். சொல்லும்போதே வாய் சிரித்துவிட்டது. கண் சிரிக்கவில்லை, அது நிரம்பிக்கொண்டிருந்தது.

"சார், எங்க அப்பா மேல பாதியப் படிச்சிட்டு என்னை அனுப்ப முடியாதுன்னுட்டாரு. கீழ பாதியப் படிச்சிட்டுதான் அனுப்பினாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கடிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

அதன் பிறகு மிச்சமிருந்த மாதங்களும் வேலை பார்த்து, முழு பென்ஷனோடு ஓய்வு பெற்றார். நானும் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டேன். நான் நடந்த தூரம், சம்பாதித்த பெயர், என் பெண்கள் தயங்காமல் வெளியூர் போய்ப் படித்தது எல்லாம் அந்த நீல மசியில் தொடங்கியது. அன்று சாயங்காலம் நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தேன். நன்றி சார்.